10 நாளில் 40 இடம்!

"கல்லறையைப் பார்த்தீர்களா, டீச்சர்?" என்று கேட்டேன்.

"முன்னால் நின்ற அம்மாளின் முதுகைப் பார்த்தேன், தம்பி" என்றார் அவர்.

டீச்சர் எங்களுக்கு அடுத்த தெரு. மந்தைவெளி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஏசுநாதர் பிறந்து வளர்ந்த மண்ணை ஒரு தடவையாவது மிதிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே தொடாமல் வைத்திருந்தார். 2019-ல் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஜெருசலேம் போய் வந்தார். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் அவருக்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அந்த உரிமையில்தான் கேட்டேன். இப்படி ஒரு பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பயணக்காரர்கள் கொடுத்த தாளை டீச்சர் பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். வாங்கி எண்ணிப் பார்த்தேன். எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் என்று மூன்று நாடுகள். நடுவிலே பாலஸ்தீனியர் பகுதியில் உள்ள பெத்லகேம். 10 நாட்கள். 40 இடங்கள்!

இதில் விமானத்துக்குப் போன நாட்களைக் கழியுங்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு பஸ்ஸில் எல்லை தாண்டும்போது, பெட்டியைச் சோதனை போட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்து அனுப்ப அரை நாள் ஆகிவிடும். அதையும் கழியுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? ஓர் இடத்தில் இறங்குவது, போட்டோ எடுப்பது, பஸ்ஸில் ஏறுவது. மறுபடியும் இறங்குவது.

என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புனித யாத்திரைக்குப் பணம் கட்டும்போது "எத்தனை இடம் காட்டுவீர்கள்?" என்று கேட்கக்கூடாது. "ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நேரம் இருக்க விடுவீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். அதிலும் வயதான தாய் தந்தையரை அனுப்புகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கல்லறை வாசலில் நடந்தது

ஜெருசலேமில் திருக்கல்லறைக் கோவில் என்று ஒன்று இருக்கிறது. ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டதும், அடக்கம் செய்யப்பட்டதும், உயிர்த்தெழுந்ததும் அங்கேதான் என்று கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்புகிறார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி காலத்தில் கட்டி 335-ம் ஆண்டில் பிரதிஷ்டை செய்த கோவில் அது. பிறகு இடிந்தது, மறுபடி எழுந்தது. ஆறு கிறிஸ்தவப் பிரிவினர் அதைப் பங்கு போட்டுக்கொண்டு வழிபடுகிறார்கள். கதவின் சாவி யாரிடம் இருக்கிறது தெரியுமா? பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்தாரிடம்! இன்னொரு முஸ்லிம் குடும்பத்தார் வந்து கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

கல்லறை அறை மிகச் சிறியது. ஒரே சமயத்தில் மூன்று நான்கு பேர்தான் உள்ளே நிற்கலாம். வெளியே உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனதும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவார்கள். அது யாருடைய குற்றமும் அல்ல. கூட்டம் அப்படி.

டீச்சரின் கூட்டத்துக்கு அந்தக் கோவிலில் ஒதுக்கிய நேரம் ஒரு மணி. வரிசையிலேயே முக்கால் மணி போய்விட்டது. உள்ளே போய் முழங்காலை மடக்குவதற்குள் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். "வாழ்நாள் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த ஜெபம், அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை" என்றார் டீச்சர். சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். ஒலிவ மலையில் ஒரு கோவில் இருக்கிறது. ஏசுநாதர் சீடர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஜெபத்தைப் பல மொழிகளில் எழுதி அங்கே சுவர்களில் பதித்திருக்கிறார்கள். நம் தமிழும் இருக்கிறது! டீச்சருக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் நடப்பார். அவர் பாதி வழி போவதற்குள் கூட்டம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. "நீங்கள் பஸ்ஸில் ஏறுங்கள் அம்மா, நேரமாகிறது" என்றார்களாம். தமிழ் எழுத்தை மற்றொரு அம்மாளின் டெலிபோனில் போட்டோவாகப் பார்த்தார். முப்பது வருஷம் தமிழ் எழுத்தைக் கரும்பலகையில் எழுதியவர்!

எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். கலிலேயா கடலைப் பற்றிப் பேசினால் டீச்சர் முகம் மலர்ந்துவிடுகிறது. கடல் என்று பெயர். உண்மையில் அது நல்ல தண்ணீர் ஏரி. நீளம் 21 கிலோ மீட்டர். படகில் அழைத்துப் போனார்கள். நம் தேசியக் கொடியை ஏற்றி "ஜன கண மன" வைத்தார்கள். ஏரி நடுவில் போனதும் படகுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டார். கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. "தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும்தான். அந்தக் கால் மணிக்காகவே போகலாம், தம்பி" என்றார். அத்தனை இடங்களில் அவருக்கு மனதில் நின்றது, யாரும் அவசரப்படுத்தாத அந்த ஓர் இடந்தான்!

கூட்டத்தோடு போவது தவறா?

இல்லவே இல்லை. தனியாக டீச்சரால் போயிருக்க முடியாது. விசா வாங்க வேண்டும். பாஷை தெரியாது. சாப்பாடு வேறு. ஜெருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் உள்ள தூரம், நம் மயிலாப்பூரிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற தூரம் அளவுதான். ஆனால் நடுவிலே மதிற்சுவரும் ராணுவச் சோதனைச் சாவடியும் இருக்கின்றன. வழி தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால்தான் தைரியம்.

பயணம் நடத்துகிறவர்களையும் குறை சொல்லிப் பயன் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்: "சார், நான் 20 இடம் என்று நோட்டீஸ் அடித்தால், எதிர்க்கடைக்காரர் 40 இடம் என்று அடிக்கிறார். ஜனங்கள் அவரிடம்தான் போகிறார்கள். ஓர் இடத்தை விட்டுவிட்டால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்." உண்மைதானே! புடவைக் கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் ஓடுகிற நாம்தான் இங்கேயும் கணக்குப் பார்க்கிறோம். காசி, ராமேசுவரம் போகிற பஸ்களிலும் இதே கதைதான்.

முதலில் பரங்கிமலை!

நான் ஒரு யோசனை சொல்கிறேன். ஜெருசலேம் போகிற கூட்டம், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு நாள் நம் சென்னையில் ஒன்றாகச் சுற்றிப் பார்க்கட்டும். ஏசுநாதரின் 12 சீடர்களில் ஒருவரான தோமையார் பெயரால் இங்கே மூன்று இடங்கள் இருக்கின்றன. அவர் 52-ம் ஆண்டில் கேரளக் கரையில் இறங்கினார். பின்னர் மயிலாப்பூர் வந்தார். சின்னமலைக் குகையில் தங்கினார். 72-ம் ஆண்டில் பரங்கிமலையில் கொல்லப்பட்டார். உடலை மயிலாப்பூரில் அடக்கம் செய்தார்கள் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

சைதாப்பேட்டை அருகே சின்னமலைக்கு முதலில் போங்கள். குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். பெத்லகேமில் ஏசுநாதர் பிறந்த இடத்துக் கோவிலின் வாசலும் நாலடி உயரந்தான். சின்னமலையில் குனிய முடியாதவருக்கு, அங்கே யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். அதை இங்கேயே தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

அடுத்து பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. படிகள் கட்டியவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் பாலம் கட்டியதும் அவரே. யாத்திரை போகிறவர்களுக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்த மனிதர்! அந்தப் பாலத்தின் இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. மலை மேலே 1523-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிய மாதா கோவில் இருக்கிறது. 1547-ல் கிடைத்த கற்சிலுவை ஒன்றும் உண்டு. அதில் பழைய பாரசீக எழுத்து பொறித்திருக்கிறது. படியில் யார் மூச்சு வாங்குகிறார், யார் உட்கார்ந்துவிடுகிறார், யார் பின்தங்குகிறவருக்காக நிற்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கூட்டத்தின் வேகம், கடைசியில் வருகிறவரின் வேகமாக இருக்க வேண்டும். அதை இங்கேயே பழகிக்கொள்ளலாம். ஏற முடியாதவர்களுக்குக் கார் போகிற பாதையும் உண்டு.

கடைசியாக சாந்தோம். நிலத்துக்குக் கீழே கல்லறைச் சிற்றாலயம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வந்ததாக எழுதி வைத்திருக்கிறார். இங்கேயிருந்து மண் எடுத்துப் போய், தண்ணீரில் கரைத்து, காய்ச்சல்காரருக்குக் கொடுப்பார்களாம். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பாலும் வந்து வணங்கினார். உலகமே தேடி வந்த இடம், மயிலாப்பூர்க்காரர்களாகிய நமக்கு பஸ் நிறுத்தத்தின் பெயராக மட்டும் இருக்கிறது!

இங்கே உட்காரலாம். யாரும் விரட்ட மாட்டார்கள்.

வழிகாட்டி என்ன சொல்ல வேண்டும்?

தோமையார் கதையை "நம்பிக்கை" என்று மேலே எழுதினேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடாது. தோமையாரே கண்ணால் பார்த்துத் தொட்ட பிறகுதான் நம்புவேன் என்று சொன்னவர் அல்லவா?

ஜெருசலேமில் டீச்சருக்கு ஒரே நாளில் இரண்டு கல்லறைகளைக் காட்டினார்கள். ஒன்று நான் முன்பு சொன்ன திருக்கல்லறைக் கோவில். மற்றொன்று நகர மதிலுக்கு வெளியே தோட்டத்தில் உள்ள கல்லறை. 19-ம் நூற்றாண்டில் சிலர் "இதுதான் ஏசுநாதரின் கல்லறை" என்று கருதத் தொடங்கினார்கள். புராட்டஸ்டண்ட் சபையினர் பலர் அங்கே விரும்பிப் போகிறார்கள். இரண்டு இடத்திலும் வழிகாட்டி "இங்கேதான்!" என்றார். "எது உண்மை?" என்று டீச்சர் கேட்டார். "பஸ்ஸில் சொல்கிறேன் அம்மா" என்றார் வழிகாட்டி. பஸ் ஏறியதும் தூங்கிவிட்டார்! பாவம், அவருக்கும் 40 இடம்.

இது வேதத்தில் உள்ளது, இது பரம்பரையாகச் சொல்வது, இது தோண்டிக் கண்டுபிடித்தது என்று மூன்றையும் பிரித்துச் சொல்கிற வழிகாட்டி வேண்டும். படிக்காதவர்களுக்குக்கூட அது புரியும். அப்படிச் சொல்லவும் நேரம் வேண்டும்.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை

ஜெருசலேம் போகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2011-ல் அறிவித்தது. முதலில் 500 பேருக்குத் தலா 20,000 ரூபாய். பிறகு 37,000 ஆக உயர்ந்தது. கன்னியாஸ்திரிகளுக்கு 60,000 ரூபாய். மானசரோவர், முக்திநாத் போகிற இந்துக்களுக்கும் இதுபோல் உதவி உண்டு. நல்ல காரியம். பொதுப் பணம் செலவாகிறபோது ஒரு சின்ன நிபந்தனையும் சேர்க்கலாம். ஒவ்வொரு நாளும் எங்கே, எத்தனை நேரம், எத்தனை படி, எவ்வளவு நடை என்று பயணக்காரர்கள் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பணம் வாங்குமுன் கொடுக்க வேண்டும். பயணம் ரத்தானால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதும் அதில் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் போர் மூண்டபோது பல பயணங்கள் நின்றுபோனதை மறக்கக்கூடாது.

அடையாற்றில் டீச்சரின் தங்கை இருக்கிறார். அமைதி நிலைத்ததும் தானும் போக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, என்னையே ஒரு பயணக்காரருக்கு டெலிபோன் செய்யச் சொன்னார்கள்.

"10 நாளில் 40 இடம் சார்! வேறு யாரும் இப்படிக் காட்ட மாட்டார்கள்" என்றார் அவர்.

டீச்சர் என் கையிலிருந்து டெலிபோனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, இடத்தைப் பாதியாகக் குறையுங்கள். பணத்தைக் குறைக்க வேண்டாம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அம்மா, உங்களுக்கு எந்த நம்பர் வேண்டும்?" என்று கேட்டார்.