செவியிழந்த சிப்பாயும் சர்க்காரின் கடமையும்

கையிழந்த சிப்பாயின் நஷ்டத்தை யாவரும் கண்ணாற் காண்பர். செவியிழந்தவனுடைய நஷ்டமோ எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆதலாலேயே ராணுவத்தில் உழைத்துக் காது கெட்டு ஊர் திரும்புவோரின் ஊன பென்ஷன் மனுக்கள் சந்தேகத்துடன் நோக்கப்படுகின்றன. அந்தச் சந்தேகம் நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

துப்பாக்கி வேட்டின் ஓசை 140 டெசிபலைக் கடப்பது. அதனால் உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் மாய்ந்துவிடின் மீண்டும் முளைப்பதில்லை. வெடியதிர்ச்சியால் செவிப்பறை கிழிந்தால் சீழ் வடிதல் நாட்பட்ட வியாதியாகவும் கூடும். கீச்சொலிகளே முதலில் மறைவதால் சிப்பாய் தன் குறையை உடனே உணர்வதில்லை. உணரும்போது படையைவிட்டு வருஷங்கள் பல கடந்திருக்கலாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கு ஈடளிக்கப்படும் ஊனங்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவது காதிரைச்சலே.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தாருக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. படையினின்று வந்தவன் நூற்பாலையிலோ தறிக்கூடத்திலோ அமர்ந்தானாயின், காதைக் கெடுத்தது பீரங்கியன்று, இயந்திரமே என்று சொல்லிவிடலாம். இயந்திர இரைச்சலும் காதைக் கெடுக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய சிறந்த சாட்சி, அவன் படையைவிட்டு விலகிய நாளில் எடுத்த செவிச்சோதனைக் குறிப்பு. அதைப் பத்திரப்படுத்த வேண்டியவர் யார்? சோதித்துச் சேர்த்துக்கொண்ட சர்க்காரா, பெட்டியைச் சுமந்து வந்த சிப்பாயா?

இதற்கு உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 2இல் தரம்வீர் சிங் வழக்கில் விடை கூறியுள்ளது. 1982ஆம் வருஷத்து விதிகளை ஆராய்ந்து, சேரும்போது வியாதி குறிக்கப்படவில்லையாயின் பின்னர் நேர்ந்தது சேவையால் விளைந்ததென்றே கொள்ளவேண்டும். மாறாக நிரூபிக்கும் பாரம் சர்க்காரையே சாரும் என்றது. 2014 ஜூன் 25இல், செவிக்குறையினால் விலக்கப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில், ஊனத்தால் விலக்கப்பட்டவனின் குறை 20 சதவிகிதத்துக்கு மேற்பட்டதென்றே கருதவேண்டுமென்றும் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு இருந்தும் பயன் என்ன? ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருப்பது சென்னையில். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருப்பது விருதுநகரில். ஆனால் ஜில்லாவின் முதன்மை நீதிமன்றமும் சட்ட உதவிக் குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றன. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி ஊனமுற்றோர் வருமானம் பாராது இலவச உதவி பெற உரியவர். 2025 ஜூலை 26இல் படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய அளவில் சட்ட உதவித் திட்டமும் தொடங்கப்பட்டது.

ஆகவே நாம் கோருவன மூன்று. சேரும்போதும் விலகும்போதும் செவிச்சோதனை செய்து அதன் நகலைச் சிப்பாயின் கையிற் கொடுக்கவேண்டும். மனுவை நிராகரிக்கும் வைத்தியக் குழு காரணத்தை விளக்கமாக எழுதவேண்டும். சட்ட உதவி வக்கீல்கள் மனுதாரனின் கிராமத்துக்கே செல்லவேண்டும்.

தேசத் தொண்டர்கள் கைகட்டி நிற்கலாகாது. தத்தம் ஊரில் காது மந்தமான பழைய சிப்பாய் எவரேனும் இருப்பின், அவருடைய விடுவிப்புப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அவர் கேட்பது பிச்சையன்று. தேசம் அவருக்குப் பட்ட கடன்.