விளையாட்டுக்குச் சொன்னது



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நமது வாலிபர் சிலர் வேப்பமரத்தடியில் நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு வீரர் ஒருவரைப் பெயரால் அன்றி நிறத்தால் குறித்து ஒருவர் ஏதோ சொல்ல, அனைவரும் சிரித்தார்கள். என்னைக் கண்டதும், "விளையாட்டுக்குத்தான் பாஸ்டர்" என்றார்கள். அந்த ஒரு சொல்லைக் குறித்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

டேரன் சாமியை நீங்கள் அறிவீர்கள். 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு டி20 உலகக் கோப்பையை வென்று தந்த தலைவர் அவர். சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணியில் அவரையும் இலங்கையின் திசர பெரேராவையும் "காலூ" என்று அழைத்தார்கள். வலிமையான குதிரை என்பது அதன் பொருள் என அவர் எண்ணியிருந்தார். கறுப்பன் என்று இழிக்கும் சொல் அது என 2020 ஜூனில்தான் அறிந்தார். வடநாட்டுச் சொல், நமக்கென்ன என்று கடந்துபோகாதீர்கள். "கருவாயன்" என்னும் சொல்லை எந்த வடநாட்டாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

அன்று சிரித்தவர் இன்று கொதிப்பதேன் என்று ரசிகர்கள் கேட்டார்கள். அவர் பொருள் தெரியாமல் சிரித்தார். அழைத்தவர்களுக்கோ பொருள் தெரியும். அன்பினால் சொன்னதென்று பின்னர் அவரே ஏற்றுக்கொண்டாரே என்பீர்கள். உண்மைதான். சக வீரர் ஒருவர் பேசியபின், அவர் வார்த்தையை நம்புவதாகச் சாமி அறிவித்தார். அது சாமியின் பெருந்தன்மை. காயப்பட்டவர் ஒருவருக்கு அளித்த மன்னிப்பை, இனியும் காயப்படுத்துவதற்கான உரிமைச்சீட்டாக மற்றவர்கள் எடுத்துக்கொள்வது எவ்வகை நியாயம்?

2021 ஜனவரியில் சிட்னியில் முகமது சிராஜைப் பார்வையாளர்கள் இழித்துரைத்ததாக முறையிட்டபோது ஆட்டம் நின்றது. ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். நாம் கொதித்தோம், நியாயமாகவே. ஆனால் 2007 அக்டோபரில் வதோதராவிலும் மும்பையிலும் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்கொலி எழுப்பியவர்கள் நம் தேசத்தார். "அவர் மட்டும் ஒழுங்கா?" என்ற கேள்வி உடனே வருகிறது. 2008-இல் அணிக் கூட்டத்தை விட்டு மீன்பிடிக்கச் சென்றதற்காக அவரை அவருடைய வாரியமே அணியிலிருந்து அனுப்பியது. நடத்தைக்குத் தண்டனை உண்டு; தாராளமாகக் கண்டியுங்கள். தோல் எவருடைய நடத்தையும் அன்று.

நம் தமிழக வீரர் அபினவ் முகுந்த், 2017 ஆகஸ்டில் இந்திய அணியோடு இலங்கையில் இருந்தபோது, தம் நிறத்தின்மேல் மக்களுக்குள்ள மோகம் சிறுவயது முதலே தமக்குப் புதிராயிருப்பதாக எழுதினார். வெயிலில் ஆடிக் கறுத்ததற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். அரூரிலும் பென்னாகரத்திலும் வெயிலில் நின்று உழைத்து நம்மைப் படிக்கவைத்த தகப்பன்மாரின் தோல் என்ன நிறம்?

நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். பிறனை வஞ்சித்துவிட்டு வேடிக்கைக்குச் செய்தேன் என்பவனை, கொள்ளிகளை எறியும் பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறார் ஞானி. அக்காலத்திலும் சாக்கு இதுவே போலும்!

நானும் இதில் குற்றவாளியே. பள்ளிநாட்களில் எங்கள் அணியில் வேகமாய்ப் பந்துவீசிய மாணவன் ஒருவனை நிறத்தைச் சொல்லியே அழைத்தோம். அவனும் சிரிப்பான். நாற்பது ஆண்டுகள் கடந்து அவனைத் தேடி மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். அவன் பெயர் எனக்குத் தெரியவில்லை.