வலி வருமுன் ஸ்கேன் வேண்டும்

கல்லீரலில் புற்றுநோய் தோன்றினால் தொடக்கத்தில் வலி இராது. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையில்தான் உள்ளன. கட்டி பெரிதாகி அவ்வுறையை இழுக்கும்போதுதான் வலி தெரியும். அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை, வலிக்கும் முன்பே உள்ளே பார்க்கும் கருவிகளைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றை உரிய வேளையில், உரிய ஆளுக்குப் பயன்படுத்துகிறோமா? இல்லை என்பதே என் கருத்து.

கருவிகள் இரண்டைப் பார்ப்போம். நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைத்தான் கேட்கும். வயிற்றைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், வினாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் வரை அதிரும் கேளா ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் படம் வரைகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு.

மற்றொன்று சி.டி. ஸ்கேன். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளரின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. 1979-இல் அவரும் கார்மாக் என்பவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கல்லீரல் கட்டியை இக்கருவி அடையாளம் காணும் விதம் சுவையானது.

வேங்கிக்கால் ஏரியைப் போன்ற ஓர் ஏரிக்கு இரண்டு கால்வாய்களில் நீர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கால்வாயில் மட்டும் சாயத்தைக் கரைத்தால், அதை நம்பியுள்ள பகுதிதான் முதலில் நிறம் மாறும். கல்லீரலுக்கும் இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது: ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. ஆனால் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உறிஞ்சி வளர்கிறது. கை நரம்பில் செலுத்தும் அயோடின் சாயம் முதலில் தமனி வழியே வருவதால், சுமார் அரை நிமிடத்தில் கட்டி பளிச்சென்று தெரிகிறது. ஒரு நிமிடம் கடந்ததும் சிரை வழியே வரும் சாயத்தால் மற்றப் பகுதி வெளுக்க, கட்டி மங்குகிறது. ஈரல் சுருக்க நோய் உள்ளவரிடம் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தால், ஊசியால் சதையை எடுத்துச் சோதிக்காமலே புற்றுநோய் என்று உறுதி செய்ய முடிகிறது.

ஆனால் சி.டி. ஸ்கேன், சந்தேகம் எழுந்த பின்பு உறுதி செய்யும் கருவி. சந்தேகத்தை முன்கூட்டியே எழுப்பக்கூடியது எளிய அல்ட்ராசவுண்டே. சீனாவின் ஷாங்காய் நகரில், ஹெப்படைட்டிஸ்-பி வைரஸ் தொற்றோ நாட்பட்ட ஈரல் அழற்சியோ இருந்த 18,816 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும் இரத்தச் சோதனையும் செய்யப்பட்ட பிரிவில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தோர் 37 விழுக்காடு குறைவு என்று 2004-இல் முடிவு வெளியாயிற்று. அழைக்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே ஒழுங்காக வந்தார்கள். அப்படியும் இந்தப் பலன்!

“அப்படியானால் எல்லோருக்கும் எடுத்துவிடலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. நோய்க்கு வாய்ப்பே இல்லாதவரிடம் காணும் சாதாரண நிழல்கூட வீண் பயத்தையும் செலவையும் தரும். ஈரல் சுருக்கம் உள்ளவர்கள், ஹெப்படைட்டிஸ்-பி வைரஸ் தொற்று நீடிப்பவர்களில் மருத்துவர் குறிப்பிடுவோர் ஆகியோருக்கே இது தேவை. சிறு கட்டி ஒரு முறை தப்பினாலும் அடுத்த முறை அகப்படும். அதற்காகத்தான் ஆறு மாதக் கணக்கு.

இவர்களைக் கண்டுபிடிப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, கண்ணில் மஞ்சள் மறைந்ததும் நோய் போயிற்று என்று இருந்துவிடுகிறோம். மஞ்சள் மறைந்தாலும் வைரஸ் தங்கியிருக்கலாம். இரத்தச் சோதனைதான் அதைச் சொல்லும். இதற்கான இலவசச் சோதனையும் சிகிச்சையும் அளிக்கும் தேசியத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசி 2011-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டதால் உங்களில் பலர் அதைப் பெற்றிருப்பீர்கள். உங்கள் பெற்றோர் பிறந்தபோது அந்த வாய்ப்பு இல்லை.

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இவ்வூராருக்குத் தொலைவு ஒரு தடையன்று. ஆனால் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். வலியே இல்லாதபோது அவர் ஏன் வருவார்? யாராவது நினைவூட்டி அழைக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே ஊழியர்களிடம் ஸ்கேன் தேவைப்படுவோரின் பட்டியலைக் கொடுத்து, ஆறு மாதத்திற்கு ஒரு முறை அழைக்கச் செய்யலாம். புதிய சி.டி. கருவி வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

மாணவர்களே, நீங்களும் ஒன்று செய்யலாம். வீட்டில் யாருக்காவது ஹெப்படைட்டிஸ்-பி இருப்பதாகவோ ஈரல் சுருங்கியிருப்பதாகவோ மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். சொல்லியிருந்தால், அடுத்த ஸ்கேன் எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.