விளம்பரப் படங்களில் ஆபத்தான செயல்கள்: பொதுமக்கள் புகார் குறித்து எங்கள் நிலைப்பாடு

கடற்பாறையின் விளிம்பில் அலைக்கு முதுகு காட்டி நிற்கும் மணமக்கள். தலைக்கவசம் இல்லாமல் ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பற்றி யாராவது முறையிட்டால், "படம்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்பதே வழக்கமான பதில். கன்னியாகுமரி மாவட்டத்தில் நுகர்வோருக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பு இந்தப் பதிலை ஏற்கவில்லை. புகார் வந்தால் அதைப் பதிவு செய்து, விசாரித்து, எழுத்தில் பதில் தர வேண்டும்.

2024 மே 6 அன்று ராஜாக்கமங்கலம் அருகே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எனப்படும் திடீர்க் கடற்சீற்றம் குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. அவர்கள் ஏதோ விளம்பரத்தைப் பார்த்து வந்ததாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காற்றோ மழையோ இல்லாத வேளையிலும் திடீரென்று ஏறிவரக்கூடியது நம் கடல். நம் மீனவர்களுக்கு அது தெரியும். வெளியூர்க்காரருக்கு இந்தக் கடல் பெரும்பாலும் படங்கள் வழியாகத்தான் அறிமுகம். முட்டம் பாறையில் நின்று சிரிக்கும் ஜோடியை விடுதி விளம்பரத்தில் பார்த்தவர், இங்கே வந்து இறங்கியதும் அதே பாறையில் ஏறத்தான் பார்ப்பார்.

இது எங்கள் சொந்த விருப்பு வெறுப்பு அல்ல. தக்க காரணமின்றி ஆபத்தான செயல்களைக் காட்டக் கூடாது என்பது, 1985இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் (ஆஸ்கி) நெறிமுறை. அதை மீறும் விளம்பரத்தைக் கேபிள் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப விதிகள் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் உண்டு. இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சாலையில் அபராதம் விதிக்கப்படும் காட்சியைத் துணிக்கடை பேனரில் மட்டும் மகிழ்ச்சியான குடும்பம் என்று காட்டுவது எப்படிச் சரியாகும்?

படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை போட்டுவிட்டோம் என்ற சமாதானமும் போதாது. ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படம்தான் படும்.

அதற்காக, ஆபத்து தெரியும் எல்லாப் படங்களையும் அகற்றச் சொல்லவில்லை. வள்ளத்தின் நுனியில் நின்று வலை வீசுவது மீனவரின் தொழில். பனையேறியின் உழைப்பையும் சிலம்பாட்டக்காரரின் பயிற்சியையும் மறைத்தால் இந்த மண்ணின் வாழ்க்கையையே மறைத்ததாகும். பழகிய கைகள் தம் வேலையைச் செய்வது வேறு. பழக்கமில்லாதவரை அதைச் செய்து பார்க்கத் தூண்டுவது வேறு. புகாரை விசாரிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். விளம்பரதாரரின் விளக்கத்தையும் கேட்க வேண்டும்.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடைக்காரர் உறவினராக இருப்பார், கோயில் கொடைக்கோ தேவாலயத் திருவிழாவுக்கோ நன்கொடை தருபவராகவும் இருப்பார். அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று பலர் வாயைத் திறப்பதில்லை. எனவே புகார் கொடுத்தவரின் பெயரை எந்த நிலையிலும் வெளியிடக் கூடாது. பொதுமக்களின் புகார்களில் ஆஸ்கி இதைக் கடைப்பிடிக்கிறது. உள்ளாட்சி அலுவலகங்களும் கடைப்பிடிக்க வேண்டும்.

விளம்பரப் பலகைக்கு அனுமதி கொடுக்கும்போது இரும்புச் சட்டத்தின் உறுதியோடு படத்தையும் பார்க்குமாறு நாகர்கோவில் மாநகராட்சியையும் மற்ற உள்ளாட்சிகளையும் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் இடம்பெறும் படத்தின் மீது புகார் வந்தால், விசாரணை முடியும்வரை அதை மறைத்து வைக்க வேண்டும்.

பொதுமக்களே, இப்படி ஒரு படத்தைக் கண்டால் அதைப் படம்பிடித்து, இடத்தையும் தேதியையும் குறித்து ஆஸ்கிக்கு அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் முறையிடலாம்.