அல்வா நிறமும் பீர் நிறமும்

திருநெல்வேலி அல்வாவுக்கு அந்தப் பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? கோதுமைப் பால் வெள்ளைதான். வீட்டில் கிண்டுகிறவர்கள் கொஞ்சம் சர்க்கரையைத் தனியாகக் கருக்கி ஊற்றுவார்கள். மிச்சத்தை நெய்யும் அடுப்பும் கை வலியும் பார்த்துக்கொள்ளும். கலர்ப் பொடி போட்டாலும் நிறம் வரும். வாயில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. (ஊரில் முயற்சி செய்ய வேண்டாம், 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 1963-லேயே இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள், அமெரிக்காவில் 1978-ல் சட்டம் வந்தது. அங்கே செட்டிலான நெல்லைக்காரர்களுக்குத்தான் இது.)

வெறும் பேல் மால்ட்டில் காய்ச்சினால் பீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதைச் செம்பு நிறமாக்க இரண்டு வழி. ஒன்று, கருக வறுத்த பார்லி. 20 லிட்டருக்கு 50 கிராம் போதும். இன்னொன்று கிரிஸ்டல் மால்ட். அதே நிறத்துக்கு நடுத்தர ரகத்தில் கிட்டத்தட்ட 400 கிராம் வேண்டும். பையிலிருந்து காசு போகிறதே என்று பலர் முதல் வழிக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் கிரிஸ்டல் மால்ட் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு 65-70 டிகிரியில் மூடி வைக்கிறார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிறது. பிறகு வறுக்கும்போது அந்தச் சர்க்கரை கருகிப் பழுக்கிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு குட்டி அல்வா! அந்த இனிப்பில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அது கிளாஸ் வரைக்கும் வரும். கண்ணுக்குத் தெரிகிற நிறம் நாக்குக்கும் தெரிகிறது.

50 கிராம் கருப்புப் பார்லியில் ருசி அநேகமாக எதுவும் மாறாது. அதுதானே வசதி என்பார்கள். அதுதான் குறையும். பார்த்தால் செம்பு, குடித்தால் பழைய மஞ்சள் பீர். கலர்ப் பொடி அல்வாவுக்கு இதைவிடப் பொருத்தமான உறவினர் கிடையாது. ருசி வரட்டும் என்று அளவைக் கூட்டினால் தீய்ந்த காப்பி வாடை வந்துவிடும். அதற்காகக் கிரிஸ்டலையும் அள்ளிக் கொட்டக் கூடாது. மொத்த மால்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் திகட்டும்.

ஊர்ப் பாசத்தில் உடன்குடி கருப்பட்டியைப் போட்டால் என்ன? போடலாம். நிறமும் லேசான வாசமும் நிற்கும். இனிப்பை மட்டும் ஈஸ்ட் வழித்துத் தின்றுவிடும், பீர் மெலிந்து போகும்.

அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று நெல்லைக்காரர்கள் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். பீரில் அது சிரிக்கிற விஷயமே இல்லை. கருக்கிய தானியத்தில் புளிப்பு உண்டு. டப்ளின் மாதிரிச் சுண்ணாம்புத் தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்ளும், அங்கே கருப்பு பீர் வளர்ந்தது. மென்மையான தண்ணீர் உள்ள பில்சனில் 1842-ல் வெளிர் பீர் பிறந்தது. ஆகவே மால்ட் வாங்கக் கடைக்குப் போகும் முன் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று விசாரித்துவிட்டுப் போவது உத்தமம்.