வடிகால் நீர்மட்டமும் தோட்டக் கணக்கில் ஏற வேண்டும்

ஒரு செம்பனைத் தோட்டம் ஆண்டுக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஐரோப்பிய வாங்குநர்கள் கேட்கிறார்கள், வங்கிகள் கேட்கின்றன. 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்ட மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்ச் (எம்எஸ்பிஓ) சான்றிதழும், 2022இல் திருத்தப்பட்ட பிறகு தோட்ட நிறுவனங்களிடம் இதைக் கேட்கிறது. விடையைத் தோட்டத்துப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. உர ரசீது, டீசல் பில், குலை விற்ற சீட்டு ஆகியவற்றைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. ஆனால் மலேசியாவின் மேற்கு ஜொகூரிலுள்ள பொந்தியானில் இவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், மிகப் பெரிய தொகை விடுபட்டுப் போகும். அந்தத் தொகை மண்ணிலிருந்து வருகிறது. அது கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் நிலத்துக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஆழத்தைச் சிறு தோட்டக்காரர்களில் அநேகமாக யாரும் எழுதிவைப்பதில்லை.

மலாயில் தானா கம்புட் எனப்படும் கரிசதுப்பு மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மூழ்கி மக்காமல் கிடந்த மரமும் இலையும் வேரும்தான். ஜொகூரில் இப்படிப்பட்ட நிலம் சுமார் 1.4 இலட்சம் ஹெக்டேர் உண்டு. பொந்தியானில் அன்னாசியும் செம்பனையும் பெருமளவில் நிற்பது இந்த மண்ணின் மேல். பயிர் வைக்க வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கியதும் காற்று உள்ளே நுழைகிறது, மக்காதது மக்கத் தொடங்குகிறது, கரிமம் வாயுவாக வெளியேறுகிறது. இதன் அளவை உரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோ தழைச்சத்து போடுவதாக வைத்துக்கொள்வோம். ஈரமான தட்பவெப்பத்தில் அதில் 1.6 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்று காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி 2019இல் கணித்தது. கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. பெருக்கினால் ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகிறது. அதே ஐபிசிசி 2013இல் வெளியிட்ட ஈரநில வழிகாட்டி, தண்ணீர் வடிக்கப்பட்ட வெப்பமண்டலக் கரிசதுப்பில் செம்பனை நின்றால் மண்ணிலிருந்து மட்டும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 11 டன் கரிமம் போகிறது என்கிறது. கரியமில வாயுவாக அது 40 டன். உர மூட்டையை எண்ணிவிட்டு மண்ணை விட்டுவிடும் கணக்கை நான் கணக்கென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் ஐபிசிசி கொடுத்த 11 டன்னை எல்லாத் தோட்டங்களுக்கும் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அது எளிது, ஆனால் நியாயமில்லை. அந்த எண்ணுக்கு ஐபிசிசியே கொடுத்திருக்கும் நம்பக வரம்பு 5.6 டன்னிலிருந்து 17 டன் வரை, அதாவது கரியமில வாயுவில் 20 டன்னிலிருந்து 62 டன் வரை நீள்கிறது. தண்ணீரைக் கவனமாக உயர்த்திப் பிடிப்பவருக்கும் வடிகாலை அடிமட்டம் வரை காயவிடுபவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், கவனமாக இருப்பவரின் உழைப்பு எங்கும் தெரியாது. நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால் வெளியேற்றம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 டன் கரியமில வாயு கூடும் என்று 2010இல் ஹூயர் தலைமையிலான ஆய்வுக் குழு கணித்தது. இந்த உறவு நேர்கோடாகப் போகிறதா, வேர்கள் விடும் மூச்சை இதிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடே தோட்டத்திலிருந்து எண்கள் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம். மேற்கு ஜொகூர் இதற்கு முன்பும் உலகத்துக்குப் பாடம் சொன்ன இடம். 1970களின் நடுவில் உலக வங்கிக் கடனுடன் இங்கே பெரிய வடிகால் திட்டம் நடந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் நில மட்டத்தை அளந்து வைத்த குறிப்புகளைக் கொண்டு வோஸ்டன், இஸ்மாயில், வான் வைக் மூவரும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 4.6 சென்டிமீட்டராக இருந்த நிலத் தாழ்வு பின்னர் 2 சென்டிமீட்டராகக் குறைந்தது, அதில் சுமார் 60 விழுக்காடு மண் மக்கிப்போனதால் வந்தது, அதன்படி வெளியேற்றம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 27 டன் கரியமில வாயு என்பது அவர்கள் முடிவு. யாரோ பொறுமையாக எழுதிவைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த முடிவு பிறந்திருக்காது.

சிறு தோட்டக்காரருக்கு இருக்கிற வேலை போதாதா, இன்னும் எழுத்து வேலையா என்பது முதல் மறுப்பு. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் கிராணியும் இல்லை, கணினியும் இல்லை. ஆனால் வேண்டிய தாள்களில் பாதி ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. குலையை விற்கும்போது எடை எழுதிய சீட்டு கிடைக்கிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் (எம்பிஓபி) உரிமம் இல்லாமல் விற்கவே முடியாது. உரத்துக்குக் கடை பில் உண்டு. நிலம் எங்கே இருக்கிறது என்ற புவிக்குறிப்பை, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தின் விளைபொருளைத் தடுக்கும் ஐரோப்பிய விதி கேட்கத்தான் போகிறது. புதிதாகச் சேர வேண்டியது ஒன்றுதான்: துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணில் நட்டு, வாரம் ஒருமுறை கோல் விட்டு ஆழம் பார்த்து எழுதுவது. அன்னாசிக்காரரானால், பழைய செடிகளை எரித்தாரா, மக்கவிட்டாரா என்று ஒரு வரி கூடுதல். மலாயாவின் தோட்டங்கள் பேரேட்டில் ஓடியவை. ரப்பர்ப் பால் எடையும் ஆள் கணக்கும் நாள் தவறாமல் ஏறிய செக்ரோல் புத்தகங்களைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புத்தகங்கள் தொழிலாளியிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்காக எழுதப்பட்டவை. இந்தப் பதிவேடு நிலத்தில் உழைப்பவரின் சொத்தாக இருக்க வேண்டும்.

பொய்யாக எழுதினால் என்ன செய்வது என்பார்கள். ஒரே வடிகாலில் இருக்கும் பத்துத் தோட்டங்களின் குழாய்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஏறக்குறைய ஒன்றாக ஏறி இறங்கும்; ஒருவருடையது மட்டும் ஆண்டு முழுவதும் அசையாமல் நின்றால் உடனே தெரிந்துவிடும். நில மட்டத்தைக் காட்டும் இரும்புக் கம்பிகளை அங்கங்கே நட்டால் அதுவே தணிக்கையாகிவிடும்.

எனக்கே கவலை தருவது மூன்றாவது மறுப்பு. எண் வெளியே வந்தால் பொந்தியான் விவசாயி குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படமாட்டாரா? நிறுத்தப்படலாம். அதனால்தான் அளவீட்டின் அலகு தனித் தோட்டமாக இருக்கக் கூடாது, ஒரே வடிகாலைப் பகிரும் நிலத்தொகுதியாக இருக்க வேண்டும் என்கிறேன். பெரிய வாய்க்கால்களும் கடலோரத் தடுப்பு மதகுகளும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கையில் இருக்கின்றன. மதகு திறந்திருக்கும்போது ஐந்து ஏக்கர்க்காரர் தன் நிலத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. பொறுப்பை அதிகாரம் இருக்கிற இடத்தில் வைத்தால், வாரக் குறிப்புகள் விவசாயிக்கு எதிரான சாட்சியாகாமல், மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அரசைக் கேட்கும் ஆதாரமாகும். எழுதாமல் விட்டால் விவசாயி தப்பிவிடுவார் என்பதும் இல்லை. அப்போது அவர் தலையில் ஏறுவது சராசரி எண், அது அவருடைய உண்மை நிலையைவிட மோசமாக இருக்கக்கூடும். மண் ஒருபுறம் தாழ்ந்துகொண்டே போகிறது. மரங்கள் சாய்கின்றன, தாழ்ந்த நிலத்திலிருந்து மழைநீரை வெளியேற்றுவது ஆண்டுக்காண்டு கடினமாகிறது. இந்த இழப்பை முதலில் தாங்குவது வாங்குநர் அல்லர், நிலத்துக்காரர்.

டென்மார்க் 2024இல் செய்த உடன்பாட்டை இங்கே பார்க்கலாம். கால்நடை வெளியேற்றத்துக்கு 2030 முதல் வரி என்பது மட்டும் உலகெங்கும் செய்தியானது. அதே உடன்பாட்டில், கரிமம் செறிந்த தாழ்நிலம் 1,40,000 ஹெக்டேரைச் சாகுபடியிலிருந்து விலக்கி மறுபடி ஈரமாக்கவும், அதற்காக விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கவும் அரசு ஒப்புக்கொண்டது. அங்கே எண் முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது. பொந்தியானில் சாகுபடியை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமல்ல. செம்பனைக்கு ஏற்ற 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நீர்மட்டத்தைப் பிடித்து வைப்பது நடக்கிற காரியம். அதற்குச் சிறு தடுப்பணைகள் வேண்டும், வறண்ட மாதங்களில் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எம்பிஓபியின் ‘துனாஸ்’ வழிகாட்டி அதிகாரிகள் சிறு தோட்டக்காரர்களை எம்எஸ்பிஓ குழுக்களாகச் சேர்த்து ஏற்கெனவே பதிவேடு எழுதப் பழக்குகிறார்கள். அந்தப் பதிவேட்டில் நீர்மட்டத்துக்கு ஒரு கட்டம் அச்சிடப்பட வேண்டும். குழாயையும் கம்பியையும் அரசு இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஓராண்டுக் குறிப்புகளைக் கொண்டுவரும் நிலத்தொகுதிக்குத் தடுப்பணைச் செலவில் முன்னுரிமை தர வேண்டும். இந்த மூன்றையும் அடுத்த வறட்சிக்கு முன் ஒரே ஒரு வடிகாலிலாவது தொடங்கிவிட வேண்டும்.