துப்பாக்கியோடு வரும் அமைதி நிலைக்குமா? காங்கோ, யாழ்ப்பாணம், ஜவ்வாது மலை சொல்லும் பாடம்

நீலத் தொப்பி வீரர்கள், வெள்ளை நிற வாகனங்கள். ஐ.நா. அமைதிப்படை என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால், உள்நாட்டுப் போரால் சிதைந்த ஒரு நாட்டில் படை போய் இறங்கிவிட்டால் அமைதி வந்துவிடுமா? பதில் தேட ஆப்பிரிக்கா வரை போனால் மட்டும் போதாது. யாழ்ப்பாணத்திலும், நம்ம ஜவ்வாது மலையிலும் அதற்கான பாடம் இருக்கிறது.

அமைதிப்படைக்கு என்ன விதி?

ஐ.நா. அமைதிப்படைக்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு. மோதும் தரப்புகளின் சம்மதம் வேண்டும். நடுநிலை தவறக் கூடாது. தற்காப்புக்கும், ஒப்படைத்த பணியைக் காக்கவும் தவிர ஆயுதத்தைத் தொடக் கூடாது.

ஆனால் 2000-க்குப் பிறகு ஹைட்டி, காங்கோ, மாலி போன்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்ட படைகளின் பெயரிலேயே 'நிலைப்படுத்தல்' என்ற சொல் சேர்ந்தது. அதாவது, தடுமாறும் அரசைத் தாங்கிப் பிடிப்பது. சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. அரசுக்குத் துணையாக நிற்கும் படையை மக்கள் எப்படி நடுநிலை என்று நம்புவார்கள்?

காங்கோவில் என்ன நடந்தது?

2013-ல் காங்கோவில் தாக்குதல் நடத்தவே தனிப் படைப்பிரிவுக்கு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அனுமதி கொடுத்தது. எம்23 கிளர்ச்சிக் குழு அந்த ஆண்டே தோற்கடிக்கப்பட்டது. வெற்றிதானே? இல்லை. அதே எம்23 மீண்டும் தலைதூக்கி, 2025 ஜனவரியில் கோமா நகரையே பிடித்தது. சண்டையில் ஜெயித்தார்கள், சண்டைக்கான காரணம் அப்படியே இருந்தது.

மாலியில் நிலைமை வேறு மாதிரி. 10 ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட அமைதிப்படையினரைப் பலி கொடுத்த ஐ.நா. படையை, 2023-ல் அந்நாட்டு ராணுவ அரசே வெளியேறச் சொல்லிவிட்டது. முதல் விதியான சம்மதம் போனதும் படைக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

இந்தியா கற்ற கசப்பான பாடம்

ஐ.நா. அமைதிப் பணிகளுக்கு அதிக வீரர்களை அனுப்பிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் இந்தியாவுக்கே மறக்க முடியாத அடி விழுந்தது, ஐ.நா. கொடி இல்லாமல் போன இடத்தில்.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. தொடக்கத்தில் தமிழர்கள் அதை வரவேற்றார்கள். ஆனால் அக்டோபரிலேயே அமைதிப்படைக்கும் விடுதலைப்புலிகளுக்கும் போர் மூண்டது. அதே மாதம் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவ ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காப்பாற்ற வந்த படை என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

1990 மார்ச்சில் கடைசி வீரரும் திரும்பினார். இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். சென்னையில் நடந்த வரவேற்பில் அன்றைய முதல்வர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை.

சரி, ஜவ்வாது மலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இங்கே நடந்தது போர் அல்ல; ஐ.நா.வும் வரவில்லை. ஆனால் ஓர் அரசு தன் விளிம்பில் வாழும் மக்களுக்கு எந்த முகத்தைக் காட்டுகிறது என்ற கேள்வி ஒன்றுதான்.

1980 ஆகஸ்ட்டில், மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் நக்சல்கள் தொடர்பான குண்டுவெடிப்பில் ஆய்வாளர் பழனிச்சாமி உள்ளிட்ட போலீசார் உயிரிழந்தார்கள். அதன்பின் வால்டர் தேவாரம் தலைமையில் அன்றைய வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் தேடுதல் வேட்டை தீவிரமானது. என்கவுன்ட்டர்கள் நடந்தன. இயக்கம் ஒடுங்கியது.

ஆனால் மலையில் வறுமை ஒடுங்கியதா? 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலையின் பழங்குடி மக்களும் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். உள்ளூரில் வேலை இல்லாமல், புரோக்கர் காட்டிய கூலியை நம்பி மலை இறங்கியவர்கள் இவர்கள்.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்யும்?

படையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருந்தபோதே ஐ.நா. தன் படையைக் குறைத்தது. அதற்குக் கொடுத்த விலை பல லட்சம் உயிர்கள்.

ஆனால் படையால் வாங்கித் தர முடிவது அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்தில் அரசியல் தீர்வு, சாலை, பள்ளி, ரேஷன், கோர்ட் எல்லாம் வந்து சேர வேண்டும். 2015-ல் ராமோஸ் ஹோர்டா தலைமையிலான ஐ.நா. குழுவும் அரசியல் தீர்வுக்கே முதலிடம் தரச் சொன்னது.

லைபீரியாவில் 2007-ல் இந்தியா அனுப்பிய, முழுக்கப் பெண்களே இருந்த காவல் பிரிவு இன்றும் பேசப்படுவது இதனால்தான். ரோந்து போன அந்தப் பெண்களைப் பார்த்து, அந்நாட்டுப் பெண்களுக்கும் போலீஸில் சேரும் துணிச்சல் வந்தது.

ஜவ்வாது மலையிலும் அப்படியொரு மாற்றம் தெரிந்தது. புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 23 வயதில் சிவில் நீதிபதி தேர்வில் தேர்ச்சி பெற்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. காக்கி உடையிலேயே அரசைப் பார்த்துப் பழகிய மலையிலிருந்து, ஒருவர் நீதிமன்ற நாற்காலிக்குப் போகிறார். அமைதி நிலைக்குமா என்று அளக்க, எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதைவிட இதுபோல எத்தனை பேர் என்று எண்ணுவதே சரியான கணக்கு.